சுயேச்சை வேட்பாளர் வேலைக்குக் கூப்பிடுகிறாரா?

2024 மக்களவைத் தேர்தலில் நாடு முழுக்க நின்ற சுயேச்சைகள் 3,921 பேர். ஜெயித்தவர்கள் 7 பேர். ஆகவே ஒரு சுயேச்சை உங்களைக் கூப்பிட்டு, “நம்ம டீம்ல சேர்றீங்களா?” என்று கேட்டால், அவர் தோற்பார் என்று வைத்துக்கொண்டே பேச உட்காருங்கள். ஜெயிப்பது அவர் கவலை. அந்த ஒன்றிரண்டு மாதத்தில் உங்கள் கைக்கு என்ன வரும் என்பது உங்கள் கவலை.

வருவது குறைவில்லை. பெரிய கட்சியின் வார் ரூமில் சேர்ந்தால் எக்செல் ஷீட்டின் ஒரு மூலையைக் கொடுத்து உட்கார வைப்பார்கள். மாவட்டம், ஒன்றியம், கிளை என்று மேலே அத்தனை அடுக்கு. நீங்கள் அங்கே இருப்பதே வேட்பாளருக்குத் தெரியாது. சுயேச்சையிடம் நம்பகமான ஆட்கள் ஐந்தாறு பேர்தான் தேறுவார்கள். பட்ஜெட், சட்டம், டேட்டா, மீடியா, பிரச்சார வண்டி, மதியச் சாப்பாடு எல்லாம் அவர்கள் தலையில்தான். ஒரு புராஜெக்ட்டை முதலிலிருந்து முடிவுவரை கையாண்ட அனுபவம் இருபத்தைந்து வயதில் வேறு எங்கே கிடைக்கும்?

1. முதலில் அவரை நீங்கள் இன்டர்வியூ எடுங்கள்

“ஏன் நிற்கிறீர்கள்?” என்று கேளுங்கள். பதிலை வைத்து ஆளை மூன்று வகையில் ஒன்றாகப் பிரித்துவிடலாம்.

சீட் கிடைக்காத கோபத்தில் நிற்பவர் முதல் வகை. இவரைக் குறைவாக எடை போடாதீர்கள். கையில் சொந்தமாகத் தொண்டர்கள் இருப்பார்கள். மகாராஷ்டிரத்தின் சாங்லியில் விஷால் பாட்டீல் எதிர்பார்த்த தொகுதி கூட்டணிக் கட்சிக்குப் போனது. சுயேச்சையாக நின்று ஜெயித்தார். பீகாரின் பூர்ணியாவில் பப்பு யாதவ் கதையும் ஏறக்குறைய அதுதான்.

ஏதாவது உள்ளூர்ப் பிரச்சினைக்காக நிற்பவர் இரண்டாம் வகை. சம்பளம் சுமார், கற்றுக்கொள்வது அதிகம்.

மூன்றாம் வகை, ஓட்டைப் பிரிக்க யாரோ காசு கொடுத்து நிறுத்தும் டம்மி. அந்தப் பக்கமே போகாதீர்கள். கண்டுபிடிக்க ஒரு கேள்வி போதும்: “வாபஸ் வாங்கச் சொல்லி ஆஃபர் வந்தால் என்ன செய்வீர்கள்?” சிரித்து மழுப்பினால் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுங்கள்.

2. சம்பளம்: வங்கியில் மட்டும்

கூச்சப்படாமல் முதல் நாளே பேசுங்கள். தேர்தல் செலவுக்கென்று வேட்பாளர் தனி வங்கிக் கணக்கு தொடங்க வேண்டும், அதுவும் மனுத் தாக்கலுக்கு ஒரு நாள் முன்பாவது. ஒரே ஆளுக்கு மொத்தமாக 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தரக் கூடாது என்பது தேர்தல் ஆணைய விதி. எனவே, “கவர்ல போட்டுத் தர்றேன் தம்பி” என்பவர் உங்களையும் சேர்த்து மாட்டிவிடுகிறார். தமிழ்நாட்டில் ஒரு சட்டமன்றத் தொகுதிக்குச் செலவு உச்சவரம்பு 40 லட்சம். உங்கள் சம்பளமும் அதற்குள் ஒரு வரியாக வர வேண்டும். அந்த பேங்க் ஸ்டேட்மென்ட்தான் நாளைக்கு நீங்கள் இந்த வேலையைப் பார்த்ததற்குச் சாட்சி.

3. மனுவில் தோற்காதீர்கள்

முழுக் கவனம் தேவைப்படும் இடம் இது. 2017 டிசம்பரில் நடந்த ஆர்.கே.நகர் இடைத்தேர்தலை எடுத்துக்கொள்ளுங்கள். நடிகர் விஷால் சுயேச்சையாக மனு போட்டார். முன்மொழிந்தவர்களில் இருவர், அது எங்கள் கையெழுத்தே இல்லை என்றார்கள். மனு தள்ளுபடி. ஊரறிந்த முகம், ரசிகர் பட்டாளம், எதுவும் உதவவில்லை. அதே தேர்தலில் டி.டி.வி.தினகரன் குக்கர் சின்னத்தில் சுயேச்சையாக நின்று 40,707 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார்.

அங்கீகரிக்கப்பட்ட கட்சி வேட்பாளருக்கு ஒருவர் முன்மொழிந்தால் போதும். சுயேச்சைக்குப் பத்துப் பேர் வேண்டும், பத்துப் பேரும் அதே தொகுதியின் வாக்காளர்களாக இருக்க வேண்டும். (1996-ல் மொடக்குறிச்சியில் 1,033 பேர் நின்று வாக்குச்சீட்டே புத்தகமாகிப் போனது. அந்த ஆண்டே சட்டத்தைத் திருத்தி டெபாசிட்டையும் ஏற்றி, இந்தப் பத்துப் பேர் நிபந்தனையையும் கொண்டுவந்தார்கள்.) நீங்கள் செய்ய வேண்டியது இது. நான்கு செட் வரை மனு போடலாம். செட்டுக்குச் செட் வேறு பத்துப் பேரைப் பிடியுங்கள். ஒவ்வொருவரின் பாகம் எண்ணையும் வரிசை எண்ணையும் புதிய வாக்காளர் பட்டியலோடு ஒப்பிடுங்கள். கையெழுத்து போடுவதை, அவர்கள் சம்மதத்தோடு, மொபைலில் வீடியோ எடுத்து வையுங்கள். மிரட்டலோ பணமோ அவர்களைத் தேடிப் போகக்கூடும். பரிசீலனை முடியும்வரை தினம் ஒரு போன் போட்டுப் பேசுங்கள்.

படிவம் 26 பிரமாணப் பத்திரத்தில் ஒரு கட்டத்தையும் காலியாக விடாதீர்கள். இல்லையென்றால் ‘இல்லை’ என்று எழுதுங்கள். கோடு போட்டு வைக்காதீர்கள். டெபாசிட் சட்டமன்றத்துக்கு 10,000 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி. வேட்பாளருக்கு 5,000. செல்லுபடியான ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்காவிட்டால் அது திரும்பி வராது. பட்ஜெட்டில் அன்றே செலவாக எழுதிவிடுங்கள்.

4. பெயர் முன்னே, சின்னம் பின்னே

சுயேச்சைக்குச் சின்னம் கிடைப்பது வாபஸ் தேதி முடிந்த பிறகு. அதிலிருந்து வாக்குப்பதிவுக்கு ஏறக்குறைய இரண்டு வாரம்தான். மனுவில் மூன்று சின்னங்களை வரிசைப்படுத்திக் கேட்கலாம். ஒரே சின்னத்தை இரண்டு பேர் கேட்டால் குலுக்கல் வரை போகும். எனவே அதற்கு முன்பு முகத்தையும் பெயரையும் மட்டும் கொண்டு சேருங்கள். சின்னம் வரும் இடத்தைக் காலியாக விட்டு எல்லா டிசைனையும் ரெடியாக வையுங்கள். அறிவிப்பு வந்த இரவே அச்சுக்குப் போக வேண்டும். நோட்டீஸில் அச்சகத்தின் பெயரும் வெளியிடுபவர் பெயரும் கட்டாயம். அது இல்லாத கட்டு பறக்கும் படையிடம் சிக்கினால் பதில் சொல்ல முடியாது.

சின்னம் தேர்ந்தெடுக்கும்போது அழகு பார்க்காதீர்கள். குழந்தை கையால் வரையக்கூடியதாக, வீட்டில் புழங்கும் பொருளாக இருந்தால் போதும். இராமநாதபுரத்தில் 2024-ல் ஓ.பன்னீர்செல்வம் பலாப்பழத்தில் நின்றார். அதே பெயரில் வேறு சிலரும் அங்கே நின்றார்கள். ஏன் நின்றார்கள் என்பதை உங்கள் ஊகத்துக்கே விடுகிறேன். முன்னாள் முதல்வருக்கே அந்த நிலை என்றால் உங்கள் ஆளுக்குப் பெயரை மட்டும் நம்பி வேலை நடக்காது. 2015 முதல் ஓட்டு இயந்திரத்தில் போட்டோவும் உண்டு. மனுவில் கொடுக்கும் அதே போட்டோவைத்தான் நோட்டீஸிலும் போட வேண்டும். இளமைக்காலப் படத்தை அவர் எடுத்து நீட்டினால் மரியாதையாக மறுத்துவிடுங்கள்.

5. பூத்தை எண்ணிப் பாருங்கள்

2024-ல் தமிழ்நாட்டில் 68,321 வாக்குச்சாவடிகள். 234 தொகுதிக்கு வகுத்தால் தொகுதிக்குச் சராசரி 290-க்கு மேல். அத்தனைக்கும் ஆள் போட உங்களால் முடியாது. முடியும் என்று சொல்பவர் கணக்குப் போட்டதில்லை. ஓட்டு விழ வாய்ப்புள்ள இடமாகப் பார்த்து எத்தனைக்கு நல்ல ஏஜென்ட் கிடைப்பாரோ அத்தனைக்கு மட்டும் போடுங்கள். அவர்களுக்கு இரண்டே பாடம் நடத்துங்கள்: காலை ஓட்டுப்பதிவு தொடங்குவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பு மாதிரி வாக்குப்பதிவுக்கு இருக்க வேண்டும், மாலையில், பதிவான ஓட்டுக் கணக்கைக் காட்டும் 17சி படிவத்தின் நகல் இல்லாமல் வெளியே வரக் கூடாது.

6. மூன்று நிற நோட்டு

செலவுப் பதிவேட்டில் தினச் செலவுக்கு வெள்ளைப் பக்கம், ரொக்கத்துக்கு இளஞ்சிவப்பு, வங்கிக்கு மஞ்சள். இதை நீங்களே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். யாரும் ஆசைப்படாத வேலை, அதனால் போட்டியும் இல்லை. இதை வைத்திருப்பவரைக் கேட்காமல் அங்கே ஒரு ரூபாய் நகராது. முடிவு வந்த 30 நாளுக்குள் கணக்குத் தாக்கல் செய்யாவிட்டால் வேட்பாளருக்கு மூன்று ஆண்டு தகுதி நீக்கம் வரலாம். தோற்றவருக்கும் இதே விதிதான். மற்றவர்கள் எல்லாம் காணாமல் போன பிறகு அவர் வீட்டுக் கதவைத் தட்டுபவர் நீங்களாக இருப்பீர்கள். ரெஃபரன்ஸ் லெட்டரை அன்றைக்கே கேட்டு வாங்குங்கள்.

அரசு வேலையில் இருப்பவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம். தேர்தல் ஏஜென்ட்டாகவோ பூத் ஏஜென்ட்டாகவோ உட்கார்ந்தால் மூன்று மாதம் வரை சிறைக்குச் சட்டத்தில் இடமுண்டு. தனியார் கம்பெனி ஊழியர் என்றால் ஹெச்.ஆர். பாலிசியைப் படித்துவிட்டு, லீவை எழுத்தில் வாங்கிக்கொண்டு வாருங்கள்.

நேரே சட்டமன்றத்துக்குத் தாவத் தயக்கமா? கிராம ஊராட்சித் தேர்தலில் தொடங்குங்கள். தலைவர், வார்டு உறுப்பினர் பதவிகளுக்குக் கட்சிச் சின்னமே கிடையாது. சட்டப்படி அங்கே எல்லாருமே சுயேச்சை. தொகுதி சின்னது, வாக்காளர் முகம் தெரியும், தப்பு செய்தால் மறுநாள் காலை டீக்கடையில் ரிப்போர்ட் வந்துவிடும்.

7. ஒருவேளை ஜெயித்துவிட்டால்

சுயேச்சையாக ஜெயித்த எம்.எல்.ஏ. பிறகு ஒரு கட்சியில் சேர்ந்தால் அரசியல் சாசனத்தின் பத்தாவது அட்டவணைப்படி (கட்சித் தாவல் தடைச் சட்டம்) பதவி போகும். வெளியிலிருந்து ஆதரவு தரத் தடையில்லை. ஆக ஐந்து வருடமும் கட்சி ஆபீஸ் என்று ஒன்று இல்லாமல் தனியாக ஓட்ட வேண்டும். மனு எழுத, தொகுதி நிதியைப் பின்தொடர, சட்டமன்றக் கேள்வி தயாரிக்க அவருக்கு ஆள் தேவைப்படும். அந்த இடம் வேண்டுமென்றால் வாக்கு எண்ணிக்கைக்கு முந்தின வாரமே கேட்டு முடித்துவிடுங்கள். ரிசல்ட் அன்று மாலை போனால் அந்த நாற்காலியில் அவர் மச்சான் உட்கார்ந்திருப்பார்.