முழங்கால் வாதமும் ஒற்றடமும்

கிராமங்களில் ஐம்பது வயதைக் கடந்தவர் பலர் விடியற்காலையில் படுக்கையை விட்டு எழுந்து முதலடி வைக்கும்போது சுவரைப் பற்றிக்கொள்கின்றனர். முழங்கால் மடங்க மறுக்கிறது. சிறிது நேரம் நடந்தபின் இளகுகிறது. மாலையில் மீண்டும் வலிக்கிறது. நடவிலும் களையெடுப்பிலும் பல்லாண்டு குனிந்தும் குந்தியும் உழைத்த பெண்கள் பலர் இத்துன்பத்தை நன்கறிவர். இதற்குத் தமிழ்நாட்டு வீடுகளில் தொன்றுதொட்டு வழங்கிவரும் முதலுதவி, பேச்சில் ஒத்தடம் எனப்படும் ஒற்றடமாகும். செலவு சிறிது, வேண்டிய பொருள்கள் அடுக்களையிலும் வேலியோரத்திலும் கிடைப்பவை. ஆயினும், அதனால் ஆவது எது, ஆகாதது எது, எவருக்கு அது தீங்காகும் என்பவற்றை அறியாமல் கையாண்டால் எளிய உதவியே பெரிய இடராக முடியும். அவற்றை விளக்குவதே இப்பாடத்தின் நோக்கம்.

1. நோயின் தன்மை

தொடையெலும்பும் கீழ்க்கால் எலும்பும் சந்திக்கும் இடம் முழங்கால். அவ்விரு எலும்புகளின் முனைகளையும் வழவழப்பான குருத்தெலும்பு மூடியிருக்கிறது. அதற்கு இரத்தக் குழாய்கள் இல்லை. கால் ஊன்றும்போது பிழியப்பட்டும், தளரும்போது மூட்டிலுள்ள நீரை உறிஞ்சியும் அது ஊட்டம் பெறுகிறது. முதுமை, மிகுந்த உடல் எடை, பழைய காயம், ஓயாது குந்தி உழைத்தல் முதலிய காரணங்களால் இக்குருத்து தேய்கிறது. எலும்பின் ஓரங்கள் தடிக்கின்றன. சூழ்ந்துள்ள தசைகள் வலிவிழந்து இறுகுகின்றன. சித்த மருத்துவர் இதனை அழல்கீல்வாயு என்பர். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2019-ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 52.8 கோடி மக்கள் மூட்டுத் தேய்வால் வருந்தினர். முழங்காலில் அந்நோய் உற்றவர் மட்டும் 36.5 கோடி. நோயுற்றவருள் நூற்றுக்கு அறுபதின்மர் பெண்கள்.

2. ஒற்றடத்தின் பயன்

சித்த மருத்துவம் புறமருந்துகளை 32 வகையாகப் பிரித்து, ஒற்றடத்தை அவற்றுள் ஒன்றாக வைத்துள்ளது. வெப்பம் பட்ட இடத்தில் இரத்தக் குழாய்கள் விரிகின்றன. இறுகிய தசை தளர்கிறது. வலியுணர்ச்சி சிறிது நேரம் மழுங்குகிறது. ஆயினும் வெளியிலிருந்து வைக்கும் சூடு தோலையும் அதனை அடுத்த பகுதியையும் கடந்து ஆழமாகச் செல்வதில்லை. தேய்ந்த குருத்தெலும்பை எந்த ஒற்றடமும் மீண்டும் வளர்ப்பதில்லை. எனவே, ஒற்றடத்தால் நோய் தீர்ந்தது என்று கருதுவது பிழை; நோயாளி காலை அசைப்பதற்கு ஏற்ற நேரம் கிடைத்தது என்று கருதுவதே சரி.

3. செய்முறை

தவிடு, கல்லுப்பு, ஆற்றுமணல் ஆகியவற்றுள் ஒன்றை இரண்டு கையளவு எடுத்து, இரும்புச் சட்டியில் வறுத்து, தடித்த பருத்தித் துணியில் முடிந்துகொள்ளலாம். உப்பு வெடிக்கத் தொடங்குமாயின் சூடு வேண்டிய அளவைக் கடந்துவிட்டது என்று அறிந்து, ஆறவிட வேண்டும். நொச்சி, ஆமணக்கு, வாதநாராயணன் ஆகியவற்றின் இலைகளை அரிந்து, சிறிது விளக்கெண்ணெய் விட்டு வதக்கிப் பொட்டணமாகக் கட்டுவதும் வழக்கம். எருக்கிலையைப் பயன்படுத்துவோர் அதன் பால் கண்ணில் படாதவாறு காத்துக்கொள்ளல் வேண்டும். இவையொன்றும் இல்லாதவிடத்து, வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியே போதும்.

சூட்டைச் சோதிக்க வேண்டியவர் நோயாளி அல்லர். உணர்ச்சி குறையாத மற்றொருவர். அவர் பொட்டணத்தைத் தம் முன்கையின் உட்புறத்தில் வைத்துப் பத்து எண்ண வேண்டும். அதுவரை பொறுக்க இயலாத சூடு நோயாளிக்கும் ஆகாது. பொட்டணத்தை ஒரே இடத்தில் ஊன்றி வைக்காமல், முழங்காலைச் சுற்றி ஒற்றி ஒற்றி எடுத்தல் வேண்டும். ஒரு வேளைக்கு 15 முதல் 20 நிமிடம் போதுமானது. நாளைக்கு இரு வேளை செய்யலாம். இடையிடையே தோலைப் பார்த்தும் தொட்டும் அறிய வேண்டும். கறுத்த மேனியில் சிவப்பு எளிதிற் புலப்படாது. பல நாள் மிகுந்த சூடு வைத்தால் தோலில் வலைபோன்ற கருந்தடம் தோன்றும். அது கண்டால் ஒற்றடத்தை நிறுத்துக.

4. விலக்க வேண்டிய நிலைகள்

நெடுநாள் நீரிழிவு உற்றவருக்கும், தொழுநோயால் நரம்பு கெட்டவருக்கும் காலில் உணர்ச்சி குறைந்திருக்கும். இத்தகைய மூதாட்டியொருத்தியின் முழங்காலில், அன்புடைய மகன் சுட்ட செங்கலைத் துணியில் சுற்றி வைத்துவிட்டு உறங்கச் செல்கிறான் என்க. சுடுவதை அவள் உணர்வதில்லை. காலையில் கொப்புளம் காணப்படுகிறது. அது புண்ணாகி, ஆறாமல் அழுகி, காலையே இழக்கும் நிலைக்கும் கொண்டுபோகலாம். பொறுக்கத்தக்க சூடும் பல மணி நேரம் ஓரிடத்தில் நின்றால் தோலை வேகச் செய்யும். ஆதலின் உறங்குபவருக்கு ஒற்றடம் வைத்தல் எவ்வாற்றானும் தகாது. நீரிழிவு உண்டா என்று அறியாதவர் முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நலம்.

முழங்கால் திடீரென வீங்கிச் சிவந்து, தானே சுடுமாயின், அதன் மேல் சூடு வைக்கலாகாது. அதனுடன் காய்ச்சலும் இருந்தால் மூட்டில் சீழ் வைத்திருக்கக்கூடும். அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். புதிய அடி பட்ட முதல் இரண்டு நாளிலும், புண் அல்லது படை உள்ள இடத்திலும், கெண்டைக்கால் ஒருபுறம் மட்டும் வீங்கி வலிக்கும்போதும் ஒற்றடம் விலக்கத்தக்கது.

5. ஒற்றடத்திற்குப் பின்

ஒற்றடம் முடிந்ததும் மீண்டும் படுத்துக்கொள்வது பலர் செய்யும் பிழை. கால் இளகியிருக்கும் அந்த அரைமணி நேரமே பயிற்சிக்கு உரியது. திண்ணையிலோ நாற்காலியிலோ அமர்ந்து, ஒரு காலை நேராக நீட்டி, தொடைத் தசையை இறுக்கி, ஐந்து எண்ணி, மெல்ல இறக்க வேண்டும். ஒவ்வொரு காலுக்கும் பத்து முறை இவ்வாறு செய்தபின், முற்றத்தில் சிறிது நடக்கலாம். தொடை வலுப்பெற்றால் முழங்காலின் பாரத்தை அது பங்கிட்டுக்கொள்ளும். அமெரிக்க நாட்டு வாதநோய் மருத்துவர் அமைப்பின் 2019-ஆம் ஆண்டு நெறிமுறையும் உடற்பயிற்சியை வலியுறுத்திக் கூறி, வெப்பத்தைத் துணையாகவே ஏற்றது. உடல் எடையில் 1 கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் மேல் விழும் பாரம் ஏறத்தாழ 4 கிலோ குறைகிறது என்பதை 2005-ஆம் ஆண்டு வெளியான ஆராய்ச்சி காட்டிற்று. தரையில் குந்துவதை இயன்றவரை தவிர்த்து, உயர்ந்த இருக்கையைப் பயன்படுத்துவதும் நன்மை தரும்.

பொட்டணம் கட்டும் கை அன்புடையதாய் இருந்தால் மட்டும் போதாது. அளவறிந்ததாயும் இருத்தல் வேண்டும். சோதித்த சூடு, குறித்த நேரம், பின்னர்ப் பயிற்சி என்னும் மூன்றையும் கடைப்பிடிக்கும் இல்லத்தில், முதியவர் தம் வேலையைத் தாமே செய்துகொள்ளும் நாள்கள் பெருகும்.

வினாக்கள்

1. ஒற்றடத்தின் சூட்டை நோயாளியே சோதிக்கலாகாது என்பது ஏன்?
2. எந்நிலைகளில் முழங்காலுக்குச் சூடு வைத்தல் விலக்கத்தக்கது?
3. குருத்தெலும்பு ஊட்டம் பெறும் முறைக்கும் பயிற்சிக்கும் உள்ள தொடர்பு யாது?