கொம்பை ஒட்டலாம், ஆனால் முதலில் கழுவணும்!

போன லீவில் ஆச்சி வீட்டுப் பரணைச் சுத்தம் செய்தபோது ஒரு பழைய மாட்டுக்கொம்பு கிடைத்தது. அகன்ற வாயில் மரமூடி, நுனித் துளையில் ஒரு தக்கை. "எங்க அப்பா கோயில் கொடைக்கு வேட்டுப் போட மருந்து வச்சிருந்த கொம்புட்டி" என்றார் தாத்தா. பார்த்துக்கொண்டிருந்தபோதே என் கை தவறிக் கீழே விழுந்தது. ஒரு விரல் நீளத்துக்கு விரிசல். ஓரத்தில் ஒரு சில்லும் பெயர்ந்துவிட்டது. தாத்தா திட்டவில்லை, ஆனால் முகம் வாடிப்போச்சு. அதைச் சரிபண்ணும்போது கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கொம்பு என்றால் என்ன?

நம் நகமும் முடியும் கெரட்டின் என்ற புரதத்தால் ஆனவை. மாட்டுக்கொம்பின் மேலோடும் அதேதான். உள்ளே எலும்பு இருக்கும். அதை எடுத்துவிட்டால் குழல் மாதிரி ஆகிவிடும். மான்கொம்பு வேறு. அது முழுக்க எலும்பு, வருஷந்தோறும் விழுந்து முளைக்கும்.

மருந்துக்கு ஏன் கொம்பு?

வெடிமருந்து நனையக்கூடாது, தீப்பொறியும் படக்கூடாது. கொம்புக்குள் ஈரம் எளிதில் போகாது. இரும்பு மாதிரி உரசினால் பொறியும் பறக்காது. நம் பக்கத்து நெற்கட்டும்செவலில் பூலித்தேவர் கம்பெனிப் படையை எதிர்த்த 1750களில், துப்பாக்கியில் வாய்வழியாகத்தான் மருந்து போடுவார்கள். அந்தக் காலத்தில் உலகத்தில் பல நாடுகளில் மருந்தைக் கொம்பில் வைத்திருந்தார்கள்.

நான் செய்யப் பார்த்த தப்பு

சூடுபண்ணினால் கொம்பு இளகும். சீப்பு செய்கிறவர்கள் அப்படித்தான் வளைக்கிறார்கள். விரிசலை அமுக்கி மூடலாம் என்று கொம்பை அடுப்புக்கிட்டக் கொண்டுபோனேன். "ஏட்டி, தீகிட்டப் போகாத! உள்ள மருந்து இருக்கும்லா!" என்று தாத்தா ஓடி வந்தார். தக்கையை எடுத்துத் தட்டினார். கறுப்பாய் ஒரு கரண்டித் தூள் விழுந்தது! என் கை நடுங்கிவிட்டது.

கருமருந்தில் சுமார் 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம். நனையாமல் இருந்தால் எத்தனை வருஷம் ஆனாலும் அதன் வேகம் போகாது. ஆனால் வெடியுப்பு, அதாவது பொட்டாசியம் நைட்ரேட், தண்ணீரில் கரையும். அது கரைந்துபோனால் மிச்சம் இருப்பது வெடிக்காது. தாத்தா அந்தத் தூளைத் தண்ணீரில் போட்டார். கொம்பையும் நாலைந்து தடவை தண்ணீர் மாற்றி அலசினார். வெயிலில் வைத்தால் கோணிப்போகும் என்று நிழலில் காயவைத்தோம்.

ஒட்டிய விதம்

1. உடைந்த ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்தோம். சொரசொரப்பு இருந்தால்தான் பசை பிடிக்கும்.
2. அரால்டைட்டின் இரண்டு டியூப்பிலிருந்தும் சம அளவு எடுத்துக் கலக்கினோம். இரண்டும் சேர்ந்தால்தான் இறுகும். (கையுறை போடணும், ஜன்னலைத் திறந்து வைக்கணும்.)
3. அந்தப் பசையால் சில்லை ஒட்டி, ஒரு நாள் அசைக்காமல் வைத்தோம்.

ஒட்டிக்கொண்டது. ஆனால் பசைக்கோடு வெளிறித் தனியாகத் தெரிந்தது. ஆச்சி, "மருதாணி வைட்டி" என்றாள். ராத்திரி வைத்துக் காலையில் கழுவிப் பார்த்தால் தேய்த்த கொம்பு சிவந்திருந்தது, பசை சிவக்கவே இல்லை! ஏன்? மருதாணிச் சாயம் கெரட்டினைப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் நம் நகமும் சிவக்கிறது. பசை கெரட்டின் இல்லையே!

அதனால் விரிசலுக்குப் பசை கலக்கும்போதே காவிப்பொடியும் விளக்குக்கரியும் ஊசிமுனை அளவு சேர்த்தோம். பொடி நன்றாகக் காய்ந்திருக்கணும். அதிகம் போட்டாலும், தண்ணீர்ச் சாயம் ஊற்றினாலும் பசை சரியாக இறுகாது. கொஞ்சம் மேடாக நிரப்பி, இறுகியதும் தேய்த்து, தேங்காய் எண்ணெய் தடவினோம். இப்போது கிட்டப் போய்ப் பார்த்தால்தான் விரிசல் தெரியும். "எங்க அப்பா கையில இருந்த மாதிரியே இருக்கு" என்று தாத்தா சிரித்தார்.

நண்பர்களே, உங்கள் வீட்டிலும் பழைய கொம்போ குடுவையோ இருக்கலாம். சிவகாசி நமக்குத் தூரமில்லை. மருந்தின் ஆபத்து நமக்குத் தெரியாததா? அதில் என்ன இருந்தது என்று பெரியவர்களிடம் கேட்காமல் சூடாக்காதீர்கள், துளை போடாதீர்கள். நிறைய மருந்து இருந்தால் தொடவே தொடாதீர்கள், உடனே பெரியவர்களிடம் சொல்லுங்கள்.

யோசித்துச் சொல்லுங்கள்: மருதாணி வைத்தால் மான்கொம்பு நகம் மாதிரி சிவக்குமா?

— ஒன்பதாம் வகுப்பு மாணவி