அரசாங்கம் விழுங்காத காசு

மொன்றியலின் ஜான்-டலோன் சந்தையில் தக்காளிப் பெட்டிகளுக்கு நடுவே நின்று நம்மவர்கள் பேசும்போது, விலைவாசிக்கு அடுத்தபடியாக வருவது ஒரு புரளி. "அண்ணை, ஆர்.இ.எஸ்.பி.யிலை காசு போட்டுடாதேங்கோ. பிள்ளை யூனிவர்சிட்டி போகாட்டி முழுக்காசையும் அரசாங்கம் எடுத்திடும்." யார் சொன்னது என்று கேட்டால், "எங்களுக்கு முதல் வந்த பெரியவர்" என்பார்கள். அந்தப் பெரியவர் பனிச்சப்பாத்து எங்கே மலிவு என்று காட்டியவர், முதல் வேலையும் எடுத்துத் தந்தவர். அந்த நன்றி வேறு. வரிச் சட்டத்தையும் அவரிடமா கேட்பது?

வருமான வரிப் படிவம் நிரப்புவதுதான் என் பிழைப்பு. ஆகவே கேளுங்கள். ஆர்.இ.எஸ்.பி. என்பது பிள்ளையின் படிப்புக்கான சேமிப்புத் திட்டம். பிள்ளை படிக்காவிட்டாலும் நீங்கள் போட்ட முதல் உங்களுடையதே. அதை எடுக்க வரியும் இல்லை. அரசாங்கம் தந்த மானியம்தான் திரும்பிப் போகும். அது கொடுத்ததை அது எடுக்கிறது, இதில் விழுங்குவது எங்கே? முதலும் மானியமும் ஈட்டிய லாபத்தில் 50,000 டொலர் வரை, உங்கள் ஓய்வுகாலச் சேமிப்புத் திட்டமான ஆர்.ஆர்.எஸ்.பி.யில் இடமிருந்தால், நிபந்தனைகளுக்கு உட்பட்டு அங்கே மாற்றலாம். மாற்ற முடியாததற்கு வழக்கமான வரியோடு மேலும் 20 வீதம். அதுவும் அவசரமில்லை: திட்டம் 35 ஆண்டு வரை திறந்திருக்கலாம், தம்பி தங்கையின் பெயருக்கும் மாற்றலாம்.

இனி நீங்கள் இழப்பதைப் பாருங்கள். ஆண்டுக்கு 2,500 டொலர் போட்டால் மத்திய அரசு 500, கியூபெக் 250. மத்திய மானியம் பிள்ளைக்கு மொத்தம் 7,200 வரை, கியூபெக்கினது 3,600 வரை. 2004-இலோ அதற்குப் பிறகோ பிறந்த பிள்ளை, குடும்ப வருமானம் குறைவு என்றால், நீங்கள் ஒரு சதமும் போடாமலே 2,000 டொலர் வரை கிடைக்கும். இதையும் "ஏமாத்து வேலை" என்று தள்ளிவிட்டவர்களை எனக்குத் தெரியும்.

இந்த மண்ணில் அரசு பிள்ளைகளுக்குக் காசு கொடுப்பது புதிதுமல்ல. சந்தைக்குப் பெயர் தந்த, இங்கே நிர்வாகியாக இருந்த ஜான் டலோனின் காலத்திலேயே, பத்துப் பிள்ளைகள் உள்ள தகப்பனுக்கு ஆண்டுக்கு 300 லீவ்ர் என்று பிரெஞ்சு மன்னர் ஆணையிட்டார். பாதிரியாரான பிள்ளைகள் கணக்கில் வரமாட்டார்கள். நிபந்தனை அன்றைக்கும் இருந்தது.

புரளிக்கு ஒரு வேர் உண்டு. வீடு வீடாக வந்து விற்ற கூட்டுப் புலமைப்பரிசில் திட்டங்களில், ஆரம்பக் கட்டுப்பணத்திலிருந்தே சேர்க்கைக் கட்டணத்தைக் கழித்துவிடுவார்கள். இடையில் நிறுத்தியவருக்கு அந்தக் காசு போனது போனதுதான். விற்பனை முகவர் எடுத்ததற்கு அரசாங்கம் பழி சுமக்கிறது. வங்கியிலோ கேஸ் என்னும் கூட்டுறவு வங்கியிலோ திறக்கும் சாதாரண திட்டத்தில் இந்தக் கட்டணம் இல்லை.

மற்றப் புரளிகள் விரைவாக. "சம்பளம் கூடினால் வரி எல்லாத்தையும் எடுத்திடும்": கூடிய பகுதிக்கு மட்டுமே கூடிய வீதம். "வீட்டு விலை ஒருநாளும் இறங்காது": 1989-க்குப் பிறகு டொரொண்டோவில் என்ன நடந்தது என்று அங்குள்ள சித்தப்பாவைக் கேளுங்கள். "சீட்டு வங்கியை விடப் பாதுகாப்பு": வங்கி வைப்புக்கு 100,000 டொலர் வரை காப்புறுதி உண்டு, சீட்டுத் தாச்சிக்கு ஆயுள் காப்புறுதி இருந்தால் பெரிய விஷயம்.

நல்ல வழிகாட்டி யார் என்று கேட்பவர்களுக்கு என் அளவுகோல் ஒன்றே: அவர் எழுத்தில் காட்டுவார், கட்டணம் எவ்வளவு என்று கேட்டால் முகம் சுளிக்கமாட்டார்.

இன்னொன்று. யூனிவர்சிட்டி என்ற சொல்லை விட்டுத் தொலையுங்கள். இந்தக் காசு சேஜெப் கல்லூரிக்கும் உண்டு, தொழிற்கல்விக்கும் உண்டு. சந்தையில் உங்களுக்கு ஆட்டிறைச்சி வெட்டித் தருகிறவரின் வேலைக்கும் பாண் சுடுகிறவரின் வேலைக்கும் கியூபெக்கில் முறையான டிப்ளோமா இருக்கிறது. குழாய் வேலைக்காரர் வீட்டுக்கு வந்தால் மணித்தியாலத்துக்கு என்ன கேட்கிறார் என்று தெரிந்துகொண்டே மகனை டாக்டராக்கத் துடிக்கிறோம். அவன் கையால் வேலை செய்ய விரும்பினால் முகத்தைத் தொங்கப்போடுகிறோம். இந்தப் பிடிவாதத்தால்தான் "படிக்காவிட்டால் காசு போச்சு" என்ற பயமே வளர்கிறது.

இந்த ஆண்டு பதினைந்து வயதாகும் பிள்ளை வீட்டில் இருந்தால் இந்த டிசம்பர் 31-ஐக் குறித்துவையுங்கள். அதற்குள் மொத்தம் 2,000 டொலராவது போட்டிருக்க வேண்டும், அல்லது ஏதாவது நான்கு ஆண்டுகளில் தலா 100 டொலராவது. இல்லையென்றால் பதினாறு, பதினேழு வயதுக்கான மத்திய மானியம் கிடைக்காது.