கடற்காகம் வரையப் பழகுவோருக்கு: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

நியூஜெர்சியில் கேப் மே, டெக்சாஸில் கால்வெஸ்டன், பே ஏரியாவில் ஹாஃப் மூன் பே என்று நம்மவர்கள் விடுமுறைக்குப் போகிற கரைகளில் எல்லாம் கடற்காகம் நிற்கும். கார்ட்டூன் வரையத் தொடங்கும் பிள்ளைக்கு அதைப்போல வசதியான பறவை வேறில்லை. உருவம் பெரிது, ஆளைக் கண்டு அவ்வளவாகப் பயப்படாது, சேர்ந்தாற்போல் சில நிமிடங்கள் ஒரே இடத்தில் நிற்கும். ஆனால் பிள்ளைகள் வரைவதோ பெரும்பாலும் திரையில் பார்த்த ஏதோ ஒரு வெள்ளைப் பறவை. கண்ணெதிரே நிற்பதைப் பார்த்து வரைந்தால்தான் கார்ட்டூனுக்கு உயிர் வரும்.

செய்ய வேண்டியவை

• உங்கள் கரையில் இருப்பது எந்தக் கடற்காகம் என்று முதலில் பாருங்கள். பே ஏரியாவில் இருப்பது மேற்குக் கடற்காகம்: வெள்ளைத் தலை, கருஞ்சாம்பல் முதுகு, இளஞ்சிவப்புக் கால், தடித்த மஞ்சள் அலகு. நியூஜெர்சியில் கோடையிலும் டெக்சாஸில் ஆண்டு முழுவதும் காண்பது சிரிக்கும் கடற்காகம். இனப்பெருக்கக் காலத்தில் அதன் தலை முழுக்கக் கறுப்பு, அலகு கருஞ்சிவப்பு. கடற்கரை தூரமென்றால் கடைகளின் கார் நிறுத்துமிடத்தைப் பாருங்கள். குளிர்காலத்தில் அங்கே வந்து நிற்பது அநேகமாக மஞ்சள் கால்களும் அலகு நுனியருகே கறுப்பு வளையமும் கொண்ட வேறொரு வகை.

• காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்று கவனியுங்கள். கடற்காகங்கள் காற்றைப் பார்த்தபடி நிற்கும். காற்று உங்கள் இடப்பக்கமிருந்து வந்தால் கூட்டம் முழுவதும் இடப்பக்கம் திரும்பி நிற்கும். அத்தனையும் பக்கவாட்டுத் தோற்றத்தில் கிடைக்கும். தொடக்கக்காரருக்கு எளிதானது அந்தத் தோற்றம்தான்.

• உடலைச் சற்றே சாய்ந்த முட்டையாகப் போடுங்கள். அதன் மேல்முனையில் சின்ன வட்டம் தலை. இரண்டையும் இணைக்கும் கழுத்து குட்டையாகவே இருக்கட்டும். மூடிய சிறகின் நுனி வாலையும் தாண்டி நீண்டு, கறுப்பாகத் தெரியும். அதை விட்டுவிட்டால் படம் புறாவாகிவிடும்.

• அலகுக்கு நேரம் கொடுங்கள். மேல் அலகு நுனியில் வளைந்து கீழ் அலகின்மேல் இறங்கும். மேற்குக் கடற்காகத்தின் கீழ் அலகில் நுனிக்குச் சற்று முன்னால் ஒரு புடைப்பு இருக்கும். அங்கே ஒரு சிவப்புப் பொட்டும் உண்டு. இது வெறும் அழகுக்காக இல்லை. குஞ்சு அந்தப் பொட்டைக் கொத்தும். உடனே தாயோ தந்தையோ இரையைக் கக்கி ஊட்டும். இதே பொட்டுள்ள இன்னொரு வகைக் கடற்காகத்தின் குஞ்சுகளிடம் இதை ஆராய்ந்த நிக்கோ டின்பெர்கன், விலங்கு நடத்தை ஆய்வுகளுக்காக 1973 இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். சிவப்புப் பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். பறவை உடனே அடையாளம் தெரியும்.

• சிரிக்கும் கடற்காகத்தின் கறுப்புத் தலையை வரையும்போது கண் காணாமல் போகும். அதற்கு வழியை அந்தப் பறவையே வைத்திருக்கிறது: கண்ணுக்கு மேலும் கீழும் இரண்டு வெள்ளைப் பிறைக் கீற்றுகள். அந்த இடத்தைத் தாள் நிறத்திலேயே விட்டுவிட்டுச் சுற்றிலும் கறுப்பு தீட்டுங்கள்.

• மிகைப்படுத்த ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். அலகைப் பெரிதாக்கினால் கால் அளவோடு இருக்கட்டும். அதே கரையில் காணும் கூழைக்கடாவுக்கு அலகுப் பையை எவ்வளவு வேண்டுமானாலும் தொங்கவிடலாம். ஆனால் பறக்கும்போது அது கழுத்தை மடித்துத் தலையைத் தோள்மேல் சாய்த்துக்கொள்வதை மாற்றாதீர்கள். தோரணை சரியாக இருந்தால் எந்தப் பொய்யையும் கண் ஏற்றுக்கொள்ளும். டெக்சாஸ் பிள்ளைகள் பழுப்புக் கூழைக்கடாவைக் கட்டாயம் வரைய வேண்டும் என்பது என் ஆசை. டிடிடி பூச்சிக்கொல்லியால் அதன் முட்டை ஓடு மெலிந்து, அந்த மாநிலக் கரையிலிருந்து கிட்டத்தட்ட மறைந்தே போன பறவை அது. 1972 இல் டிடிடிக்குத் தடை வந்தது. பிறகு அந்தப் பறவை மெல்லப் பெருகி, 2009 இல் நாட்டின் அழிநிலைப் பட்டியலிலிருந்து வெளியே வந்தது.

• அசைவைப் பாருங்கள். எமரிவில்லில் இருக்கும் பிக்சார் நிறுவனத்தின் ‘பைப்பர்’ 2016 இல் வந்த குறும்படம். அலையைக் கண்டு ஓடும் உள்ளான் குஞ்சுதான் கதை. இயக்குநர் ஆலன் பாரிலாரோ தன் ஊர்ப்பக்கக் கரையில் அந்தப் பறவைகள் அலைக்கு முன்னும் பின்னும் ஓடுவதைப் பார்த்ததிலிருந்து பிறந்த படம் அது. 2017 இல் ஆஸ்கர் வாங்கியது.

செய்யக்கூடாதவை

• காலின் நடுவில் தெரியும் மூட்டை முழங்கால் என்று நினைத்து முன்பக்கம் மடக்காதீர்கள். அது குதிகால், பின்பக்கம்தான் மடங்கும். முழங்கால் இறகுக்குள் மறைந்திருக்கும்.

• கடற்காகத்தின் நான்கு விரல்களையும் சவ்வால் இணைக்காதீர்கள். முன்விரல் மூன்றுக்கு மட்டுமே சவ்வு. பின்விரல் சிறிதாகத் தனித்து நிற்கும். நான்கையும் சவ்வு இணைப்பது கூழைக்கடாவுக்கு.

• இறகு இறகாக வரையாதீர்கள். சிறகுக்கு மூன்று கோடு போதும்.

• பழுப்புப் புள்ளியோடு நிற்கும் பறவையை ‘அழுக்கு’ என்று ஒதுக்காதீர்கள். அது இளம் பறவை. மேற்குக் கடற்காகம் முழு வெள்ளைத் தலை பெற நான்காண்டு ஆகும்.

• படத்துக்காகத் தீனி போட்டு அழைக்காதீர்கள். நியூஜெர்சியின் ஓஷன் சிட்டியில் அதற்குச் சட்டப்படியே தடை. மக்கள் கையிலிருக்கும் தின்பண்டத்தைப் பறவைகள் பறிப்பது பெருகிப்போய், 2019 இல் அந்த நகராட்சி வல்லூறுகளைக் கொண்டு அவற்றை விரட்ட வேண்டிவந்தது. கூடு கட்டும் காலத்தில் கயிறு கட்டி அடைத்த மணல்பகுதிக்குள்ளும் போகாதீர்கள்.

• பெற்றோருக்கு ஒன்று: பிள்ளை வரைந்த கோட்டின்மேல் உங்கள் கோட்டைப் போட்டுத் திருத்தாதீர்கள். “அலகு நுனி எப்படி இருந்தது?” என்று கேளுங்கள். பிள்ளை மறுபடி பறவையைப் பார்க்கட்டும். அடுத்த தாளில் தானே திருத்திக்கொள்ளும். தாளின் மூலையில் தேதியையும் கரையின் பெயரையும் எழுதி, எதையும் கிழிக்காமல் எடுத்து வையுங்கள்.