வலிப்பு நோயும் கன்னாபிடியாலும்: இணையம் சொல்வதும் ஆய்வு காட்டுவதும்

கஞ்சாச் செடியிலிருந்து பிரித்தெடுக்கப்படும், போதை தராத வேதிப்பொருளான கன்னாபிடியால் எவ்வகை வலிப்பையும் நிறுத்திவிடும் என்ற நம்பிக்கை இணையத்தில் வேரூன்றியிருக்கிறது. அதன் அடியில் ஓர் உண்மை இருப்பதாலேயே அதைத் திருத்துவது கடினமாகிறது. 2018ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 'எபிடியோலெக்ஸ்' என்னும் தூய கன்னாபிடியால் மருந்துக்கு ஒப்புதல் அளித்தது. ஆனால், அவ்வொப்புதல் வலிப்பு நோயர் அனைவருக்குமானதன்று; பிறந்த முதல் ஆண்டிலேயே தொடங்கும் டிராவெட் நோய்க்கும், பலவகை வலிப்புகள் கலந்து வரும் லெனாக்ஸ்-காஸ்டோ நோய்க்கும் மட்டுமே அது பொருந்தியது; 2020இல் மரபுவழிக் கட்டிகளை உண்டாக்கும் டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் நோயும் சேர்க்கப்பட்டது. டிராவெட் நோயுள்ள 120 பேரிடம் நடத்தி 2017இல் வெளியிடப்பட்ட ஆய்வில், வழக்கமான மருந்துகளோடு கன்னாபிடியாலும் பெற்றவர்களின் மாதாந்தர வலிப்பு எண்ணிக்கை, இடைநிலை அளவில், 12.4இலிருந்து 5.9ஆகக் குறைந்தது, மருந்துச்சத்தற்ற போலிமருந்தைப் பெற்றவர்களிடம் 14.9 என்பது 14.1 ஆயிற்று. வலிப்பு அறவே நின்றவர்களோ 5 விழுக்காட்டினர்தான். துயருறும் குடும்பத்துக்கு இந்தப் பாதிக்குறைவும் பெரும் பேறே என்றாலும், அதைப் பூரண குணம் என்று கூறுவது அக்குடும்பத்துக்கு இழைக்கும் அநீதி.

பெற்றோரின் நேரடிச் சாட்சியமே போதிய சான்று என்பது மற்றொரு நம்பிக்கை. கஞ்சாச் சாறு பெறுவதற்காகப் பல குடும்பங்கள் கொலராடோ மாநிலத்துக்குக் குடிபெயர்ந்த காலத்தில், அங்குள்ள மருத்துவர்கள் 75 குழந்தைகளின் பதிவுகளை ஆராய்ந்து 2015இல் முடிவுகளை வெளியிட்டனர். வலிப்பு பாதிக்குமேல் குறைந்ததாகக் கூறியோர் குடிபெயர்ந்து வந்த குடும்பங்களில் 47 விழுக்காடு. முன்பே அங்கு வசித்தவர்களில் 22 விழுக்காடு. வீட்டையும் வேலையையும் துறந்து வந்தவர்கள் பொய் சொல்லவில்லை. எதிர்பார்ப்பு கண்ணுக்குக் காட்டுவதை அவர்கள் கண்டனர் என்பதே பொருத்தமான விளக்கம். போலிமருந்தோடு ஒப்பிடும் ஆய்வு தேவைப்படுவது இதனால்தான்.

குப்பியின் மேலுள்ள அளவை நம்பலாம் என்பதும் சரியன்று. இணையத்தில் விற்கப்பட்ட 84 கன்னாபிடியால் பொருள்களைச் சோதித்து 2017இல் வெளியான ஆய்வில், சுமார் 31 விழுக்காட்டுப் பொருள்களிலேயே அளவு சரியாகக் குறிக்கப்பட்டிருந்தது; 18 பொருள்களில் போதை தரும் டெட்ராஹைட்ரோகன்னாபினால் கலந்திருந்தது. மேற்கண்ட டிராவெட் ஆய்வில் அளிக்கப்பட்டது நாளொன்றுக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 20 மில்லிகிராம். அதாவது, 20 கிலோ எடையுள்ள குழந்தைக்கு 400 மில்லிகிராம். உள்ளடக்கமே தெரியாத எண்ணெயைக் கொண்டு இவ்வளவைக் கணக்கிட இயலாது.

செடியிலிருந்து வருவதால் தீங்கற்றது என்பதும் உண்மையன்று. வால்ப்ரோயேட் என்னும் வலிப்பு மருந்தோடு சேரும்போது கன்னாபிடியால் கல்லீரல் நொதிகளை உயர்த்தக்கூடும் என்பதால், தொடங்குமுன்னும் பின்னர் 1, 3, 6 மாதங்களிலும் இரத்தப் பரிசோதனை பரிந்துரைக்கப்படுகிறது. குளோபசாம் மருந்தோடு சேர்ந்தால் மிகையான தூக்கம் உண்டாகலாம். எல்லாவற்றினும் கொடியது, 'இயற்கை மருந்து' கிடைத்துவிட்டதென நம்பி வழக்கமான மாத்திரைகளைத் திடீரென நிறுத்துவது. இடைவிடாது நீண்டு உயிரைப் பறிக்கவல்ல தொடர்வலிப்பு அதனால் மூளக்கூடும்.