சீல் வைக்கும் முன்

காரைக்கால்மேட்டிலிருந்து கருவாடு, இறால் பேக்கிங் வேலைக்குப் புதிதாகக் கிளம்பும் பிள்ளைகளே, மீன் தெரியாதவர் நம் தெருவில் யாருமில்லை. நெத்திலியை ஒடித்துப் பார்த்தே காய்ந்ததா இல்லையா என்று சொல்லிவிடுவீர்கள். அந்தக் கையறிவு இந்த வேலையில் பாதி. மீதியைச் சொல்கிறேன், கேளுங்கள்.

1. சந்தையில் வாங்குகிறவர் முகர்ந்து, ஒடித்து, புரட்டிப் பார்த்துத்தான் காசு கொடுப்பார். பாக்கெட்டுக்குள் போன பிறகு அவரால் அது முடியாது. அவருக்காக நீங்கள்தான் முகர்ந்து பார்க்கிறீர்கள். மனசுக்கு ஒப்பாத சரக்கைத் தனியே எடுத்து வையுங்கள், சூப்பர்வைசர் முகம் சுளித்தாலும் சரி.

2. வெயிலில் கிடந்த கருவாட்டைச் சூட்டோடு அள்ளி அடைக்காதீர்கள். கவருக்குள் நீர் முத்து கோக்கும். பூஞ்சை பிடிக்க அந்த ஈரமே போதும். நிழலில் பரப்பி ஆறவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் காற்றே ஈரமாக இருக்கும், உப்புக் கருவாடு அந்த ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அந்த மாதங்களில் உடனே அடைத்து முடிக்கிற அளவுக்கு மட்டும் மூட்டையைப் பிரியுங்கள். உப்புப் போட்டதில் எதுவும் வளராது என்று நம் வீட்டுப் பெரியவர்களே சொல்வார்கள். அது சரியல்ல. உப்பிலேயே வாழும் நுண்ணுயிர்கள் உண்டு. கருவாட்டில் இளஞ்சிவப்பாகத் திட்டுத் திட்டாகத் தெரியும். துடைத்துவிட்டு அடை என்று யார் சொன்னாலும் செய்யாதீர்கள்.

3. சீல் போடும் இடத்தில் ஒரு நெத்திலித் தலையோ உப்புக்கல்லோ எண்ணெய்ப் பிசுக்கோ சிக்கினால் அங்கே ஒட்டாது. பார்வைக்கு மூடியது போலவே இருக்கும். கவரின் வாயைத் துடைத்துவிட்டுச் சீல் வையுங்கள், மூடியதை உள்ளங்கையால் அமுக்கிப் பாருங்கள். மிஷின் சூடேறுவதற்கு முன் போட்ட முதல் கவர்களை நம்ப வேண்டாம். முள் தடித்த கருவாடு மெல்லிய கவரைக் குத்திவிடும், அதற்குத் தடிமனான கவர் கேளுங்கள்.

4. கானாங்கெளுத்தி, மத்தி, சூரை மூன்றிலும் கூடுதல் கவனம் வேண்டும். பிடித்த பிறகு ஐஸ் இல்லாமல் கிடந்தால் இவற்றில் ஹிஸ்டமின் என்ற நஞ்சு உண்டாகும். சாப்பிட்டவருக்கு முகம் சிவக்கும், தலை வலிக்கும், உடம்பில் தடிப்பு எழும்பும். சமைத்தாலும் போகாது, காய வைத்தாலும் போகாது, உறைய வைத்தாலும் போகாது. மூக்குக்கும் எப்போதும் பிடிபடாது. ஆகையால் அரசலாற்று முகத்துவாரத்துத் துறைமுகத்தில் இறங்கும் போதே அந்தச் சரக்கு ஐஸில் வந்ததா என்று கேட்கும் பழக்கம் வேண்டும். உறைந்த இறால் மைனஸ் 18 டிகிரியில் இருக்க வேண்டியது. டப்பாவை மேசையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள்.

5. தராசில் வெற்றுக் கவரை வைத்துப் பூஜ்யம் ஆக்கிவிட்டு நிறுங்கள். கவரின் எடைக்கு யாரும் காசு கொடுக்கக் கூடாது.

6. லேபிள்தான் இந்த வேலையில் எனக்கு மிகப் பெரிய காரியம். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க எண், நிகர எடை, விலை, பேட்ச் எண், தேதி, பழுப்புச் சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணமாக அசைவக் குறி (முன்பு அது வட்டமாக இருந்தது) எல்லாம் இருக்கிறதா என்று முதல் லேபிளிலேயே வாய்விட்டுப் படியுங்கள். இறால் ஒவ்வாதவர்கள் இருக்கிறார்கள், சிலருக்கு உயிரே போய்விடும். இறால் பொடி ஓடிய மிஷினைக் கழுவாமல் அதில் மசாலா ஓட்டினால், லேபிளில் இறால் என்ற சொல்லே இல்லாத பாக்கெட் அப்படிப்பட்டவர் வீட்டுக்குப் போகும். பேட்ச் எண் மங்கலாக விழுந்தால் நிறுத்திச் சொல்லுங்கள். ஒரு புகார் வந்தால் கெட்ட சரக்கைக் கடைகளிலிருந்து திரும்ப எடுக்க அந்த எண்தான் வழி.

தேதியில் ஒரு சோதனை வரும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடை, விசைப்படகு கடலுக்குப் போகாது. வரத்து குறையும், விலை ஏறும், குடோனின் மூலையில் கிடந்த மூட்டைகள் வெளியே வரும். அவற்றுக்குப் புதுத் தேதி அடிக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். வேலை போகும் என்ற பயம் எனக்குப் புரியாதது இல்லை. அதனால்தான் தனியாக மறுக்காதீர்கள் என்கிறேன். மேசையில் நிற்கும் எல்லாரும் சேர்ந்து சொல்லுங்கள்.

7. வளையல், மோதிரம், ஊக்கு, தலைப் பூ எல்லாவற்றையும் வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். மெட்டல் டிடெக்டர் உலோகத்தைத்தான் பிடிக்கும். முடியும் நகமும் அதற்குத் தெரியாது. விரலில் வெட்டுப்பட்டால் நீல பிளாஸ்டர் கேளுங்கள். மீனிலும் இறாலிலும் அந்தப் பளிச்சென்ற நீலம் அரிது என்பதால் கழன்று விழுந்தாலும் கண்ணில் படும்.

8. வயிற்றுப்போக்கு இருக்கும் நாளில் கூலிக்காக மறைத்துக்கொண்டு வேலைக்கு வராதீர்கள். ஐஸ் தண்ணீரில் கை வைப்பவர்கள் உள்ளே துணிக் கையுறை, மேலே ரப்பர் உறை போடுங்கள். நாள் முழுக்க நின்றே செய்யும் வேலைக்கு இடையிடையே உட்கார இருக்கை வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே 44ஆம் பிரிவில் சொன்னது. கேட்பதில் வெட்கமில்லை. சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால் உங்கள் எண்ணைக் கேட்டு வாங்கி வீட்டிலும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.