சாப்பிட்டுவிட்டே வரச் சொல்லுங்கள்

தாய்மைக் கேள்விகள். பதில்: ஓய்வுபெற்ற சமுதாய சுகாதார செவிலியர், திருவண்ணாமலை

கேள்வி: ஏழாம் மாதம் நடக்கிறது. பௌர்ணமிக்குக் கிரிவலம் போகலாமா? (வாசகி, போளூர்)

பதில்: 14 கிலோமீட்டர், ராத்திரியில், அந்த நெரிசலிலா? வேண்டாம். பிள்ளை பிறந்த பிறகு போய்க்கொள்ளலாம்.

கேள்வி: இரும்புச்சத்து மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டால்தான் உடம்பில் நன்றாகச் சேரும் என்று ஆய்வில் படித்தேன். தாய்மார்களுக்கு அப்படிச் சொல்லலாமா? (கிராம சுகாதார செவிலியர், செங்கம்)

பதில்: படிக்கிறீர்களே, சந்தோஷம். ஆனால் யாரை வைத்துச் செய்த ஆய்வு என்று பார்த்தீர்களா? 2017-இல் வந்த அந்த சுவிட்சர்லாந்து ஆய்வில் இருந்தவர்கள் கர்ப்பிணிகள் இல்லை. நம் கர்ப்பிணிகளுக்கு நான்காம் மாதத்திலிருந்து தினம் ஒன்று, 180 நாள். அதில் கை வைக்காதீர்கள். மாத்திரை சேராததற்குக் காரணம், கால்சியத்தையும் இதையும் ஒன்றாக விழுங்குவதும் மேலே ஒரு டீ குடிப்பதும்தான். "போட்டீங்களா?" என்று கேட்காமல் மாத்திரை அட்டையை வாங்கிப் பாருங்கள்.

கேள்வி: சர்க்கரைப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றில் வரச் சொல்கிறோம். மயக்கம் வருகிறது என்று பலர் வருவதே இல்லை. என்ன செய்வது? (செவிலியர், ஜவ்வாது மலை)

பதில்: வெறும் வயிற்றில் வரவேண்டும் என்று யார் சொன்னது? டாக்டர் வி. சேஷையாவும் அவரோடு இருந்தவர்களும் சென்னையில் நம் கர்ப்பிணிகளைப் பார்த்துப் பார்த்து உருவாக்கிய முறை இதுதான்: சாப்பிட்டிருந்தாலும் சாப்பிடாவிட்டாலும், 75 கிராம் குளுக்கோஸை 300 மில்லி தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். இரண்டு மணி நேரம் கழித்து ஒரே தடவை ரத்தம் எடுங்கள். 140-ஐத் தொட்டாலே கர்ப்பகால சர்க்கரை. பசியோடு பஸ் ஏறிவரும் பெண்ணுக்கு அதுதான் ஒத்துவரும். 2007-இல் தமிழக அரசு எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் சர்க்கரைப் பரிசோதனை என்று கொண்டுவந்தது. நம் ஊரில் பிறந்த ஆய்வை நாமே கெடுக்கலாமா?

நானும் கெடுத்தவள்தான். மலையிலிருந்து விடியலில் இறங்கி வந்த ஒரு பெண், முந்தின ராத்திரிக்குப் பிறகு பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. குளுக்கோஸ் தண்ணீர் பாதி டம்ளர் போனதும் வாந்தி. முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டே, "இன்னொருக்கா குடிக்கணுமாக்கா?" என்றாள். நாளைக்கு வா என்று அனுப்பினேன். அவள் வரவில்லை. பசியோடு வரச் சொன்னது நான்.

அரைமணிக்குள் வாந்தி எடுத்தால் மறுநாள்தான் மறுபடி செய்ய வேண்டும். அரைமணி தாண்டியிருந்தால் அப்படியே தொடரலாம். மடமடவென்று குடிக்கச் சொல்லாதீர்கள், ஐந்து பத்து நிமிஷம் கொடுங்கள். அந்த இரண்டு மணி நேரமும் உட்கார நிழலில் பெஞ்சு போடுங்கள். முதல் தடவை சரியாக இருந்தது என்று விட்டுவிடாமல் 24-லிருந்து 28 வாரத்துக்குள் திரும்பப் பாருங்கள். சாமைச் சோறோ கூழோ, வீட்டில் இருப்பதைச் சாப்பிட்டுவிட்டு வா என்று இன்றைக்கே சொல்லி அனுப்புங்கள்.

கேள்வி: கல்யாணமாகி மூன்று மாதம். ஃபோலிக் ஆசிட் மாத்திரை இப்போதே எதற்கு என்கிறார் மாமியார். (புதுமணப்பெண், தண்டராம்பட்டு)

பதில்: கரு உண்டான நான்கு வாரத்துக்குள் குழந்தையின் தண்டுவடம் மூடிவிடும். நாள் தள்ளிப்போனது தெரிந்த பிறகு ஆரம்பித்தால் பாதிக் காலம் போயிருக்கும். இன்றே ஆரம்பியுங்கள். அடுத்த தடவை நர்சம்மாவைப் பார்க்கப் போகும்போது மாமியாரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.